ஒரே கண், ஒரே அட்டை, ஒரே சன்னல்

"உலக மக்களே! கண்டங்கள் தோன்றி, கடல்கள் பிரிந்து, மலைகள் கரைந்து உண்டான இந்த மண்ணுலகின் வரலாற்றில், இதுவரை எந்த வாயும் சொல்லாத, எந்தச் செவியும் கேளாத ஒரு செய்தியை இன்று உங்கள் முன் வைக்கிறோம். பூமியின் மண் கறுத்துக்கொண்டிருக்கிறது. வளம் திரும்பிவிட்டது. மண் நம்மை மன்னித்துவிட்டது!"

இப்படி முழங்கி முடித்த உலக மண் தகவல் பகிர்வு நடுவத்தின் தலைவர், நடைவழிக் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் தன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். 'மன்னித்து' என்னும் இடத்தில் புருவம் இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று பட்டது. மறுபடியும் ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால், கை நிறையச் சேற்றோடு கண்ணக்கா நின்றுகொண்டிருந்தாள். கை கழுவ வந்தவள். உலக மக்களோடு பேசுகிறவர் நகர்ந்து கொடுத்தால் அவளும் கழுவிக்கொண்டு போவாள்.

"எப்படியிருக்கு?" என்றார் தலைவர், கண்ணாடியிலிருந்து திரும்பாமல்.

"நல்லாருக்கு சார். கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா மன்னிப்பு எனக்கும் கிடைக்கும்."

தலைவருக்கு அலுவலகத்தில் பூகோளம் என்று பெயர். உடம்பு உருண்டை, தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில் ஓய்வறியாதவர். யார் வைத்த பெயரோ, பொருந்திப் போனதால் யாரும் மாற்றவில்லை. வரப்போகும் உலக மாநாட்டில் அவர் அறிவிக்கவிருந்த அதிசயம் முழுக்க முழுக்கக் கண்ணக்காவின் கண் வழியாக வந்தது. அதனால்தான் அவளும் கண்ணக்கா ஆனாள். அவள் அறைக் கதவில் பித்தளைப் பலகையில் 'தரநிலைக் கண்' என்றே பொறித்திருந்தார்கள்.

நடுவத்தின் வேலை உலகத்து மண்ணைப் பற்றிய விவரங்களைத் திரட்டி உலகத்துக்கே பகிர்வது. வாசல் பலகையில் 'பகிர்வு' என்ற சொல் ஆளுயரத்துக்கு இருக்கும். உள்ளே ஸ்டேப்ளரைக்கூட யாரும் பகிர்ந்ததில்லை. களிமண் பிரிவுக்கும் மணல் பிரிவுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நின்று போய், இரண்டும் கலந்த மண் வந்தால் அதை யார் மேசையில் வைப்பது என்று டப்பா வாசலிலேயே கிடக்கும்.

மற்ற சோதனைகளை அந்தந்த நாட்டு ஆய்வுக்கூடங்களே செய்து எண்களை அனுப்பிவிடும். நிறத்தில்தான் தகராறு. ஒருவர் பழுப்பு என்பதை அடுத்தவர் கரும்பழுப்பு என்பார். மூன்றாமவர் 'எங்கள் தாய்மண் பொன்னிறம்' என்று கவிதை எழுதி அனுப்புவார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் நடுவம் ஒரு வழி கண்டுபிடித்தது. எல்லா நாடுகளும் ஒரு தகர டப்பாவில் பிடி மண் அனுப்ப வேண்டும். அதை ஒரே ஆள், ஒரே நிற அட்டையோடு ஒப்பிட்டு, ஒரே வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். 'ஒரே கண், ஒரே அட்டை, ஒரே சன்னல்' என்று அதற்கு ஒரு முழக்கமும் எழுதி, நடைவழியில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அட்டை சன்னலோரத்துச் சாய்பலகையில் ஓர் இரும்புக் கிளிப்பால் கவ்வப்பட்டிருந்தது. அதில் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. மேலே வெளிறிய மஞ்சள், கீழே இறங்க இறங்கக் கறுப்பு, கட்டத்துக்கு ஓர் எண். கண்ணக்கா டப்பாவைத் திறந்து மண்ணை லேசாக நனைப்பாள். கரண்டி நுனியில் எடுத்துக் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். எதோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்வாள். பக்கத்து அறையில் வரைபடக்காரர் அதைக் கணினியில் ஏற்றி உலகப் படத்தில் சாயம் பூசுவார். கறுப்பு கூடினால் மண்ணில் மக்கிய இலைதழை கூடியிருக்கிறது, மண் செழித்திருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகளாகவே படத்தில் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. காட்டை வெட்டியவர்கள், வயலைச் சுரண்டியவர்கள், மண்ணைக் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்த படம் அது. பூமி தானாகவே தேறிக்கொள்கிறது என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

அந்தச் சன்னலுக்கு முன்பு ஒரு தடித்த பச்சைத் திரை இருந்தது. காலையில் விலக்கி மண் பார்ப்பாள். வெயில் திரும்பும் நேரத்தில் இழுத்து மூடிவிடுவாள். ஒருநாள் யாரோ பெரிய மனிதர் பார்வையிட வந்தபோது, கூட்ட அறை மேசைக்கு விரிப்பு இல்லை என்று அந்தத் திரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "ஒரு மணி நேரம்தான்க்கா" என்றார்கள். திரை அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டது. அவள் கேட்கும்போதெல்லாம் 'நிறம் பார்க்கும் கருவிகளில் திரை சேராது' என்று பதில் வந்தது. அட்டையை நகர்த்தி வைக்கலாம் என்றால், ஒரே சன்னல் என்ற கொள்கை என்னாவது? அட்டை இம்மியும் நகரக் கூடாது என்பது விதி. கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள். பிற்பகல் வெயில் அட்டையிலும் அவளுடைய இடது கன்னத்திலும் தாராளமாக இறங்கியது. "பாதி முகம் தெக்க, பாதி முகம் வடக்கன்னு இருக்கே" என்று கறுத்துப்போன அந்தக் கன்னத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மாநாட்டுக்கு நாள் நெருங்கியபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. தொலைதூர நாட்டு மண் ஆய்வாளர் ஒருத்தி அனுப்பியிருந்தாள். 'எங்கள் மண் வெளிர்பழுப்பு. நீங்கள் கரும்பழுப்பு என்று வெளியிட்டிருக்கிறீர்கள். வழியில் யாராவது டப்பாவில் காபி ஊற்றினார்களா? அல்லது தரநிலைக் கண்ணுக்கு உடம்பு சரியில்லையா? மாநாட்டில் சந்திப்போம்.'

பூகோளம் கண்ணக்காவை அழைத்து அதைக் காட்டினார்.

"என்னம்மா இது?"

"தெரியல சார். நான் பாத்ததைத்தான் சொன்னேன்."

"கண்ணு நல்லாத் தெரியுதா உங்களுக்கு?"

"உங்க சட்டையில மூணாவது பொத்தான் இல்ல சார்."

பூகோளம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. உங்க கண்ணுல கோளாறுன்னா, இப்பவே சொல்லிட்டா நல்லது. உலகமே உங்க கண்ணைத்தான் நம்பியிருக்கு." நம்பியிருக்கிறது என்பதை அவர் சொன்ன தோரணையில், அந்தக் கண்ணைப் பிடுங்கி உறையில் போட்டு அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தும் கண்ணக்கா சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளந்துவிடுவார்.

"டிக்கெட் இல்லாதவன்தான் இப்படிச் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வருவான். என்ன விஷயம்?"

சொன்னாள். சொல்லும்போதே உள்ளறையிலிருந்து நாத்தனார் வந்துவிட்டாள். போன வருஷம் கண்புரை அறுவை செய்துகொண்டதிலிருந்து ஊரில் யார் கண்ணைப் பார்த்தாலும் அவளுக்குப் புரை தெரிந்தது.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பால் மஞ்சளாத் தெரிஞ்சுது. உனக்குப் பால் எப்படித் தெரியுது?"

"தண்ணியாத் தெரியுது அண்ணி. பால்காரர் அப்படி."

"சிரிக்காதே. திரும்பு, வெளிச்சத்துல காட்டு. ம்... அதோ ஓரத்துல ஏதோ இருக்கு பாரு."

"அது மண்ணு அண்ணி."

"கண்ணுல மண்ணைத் தூவுறதைத் தொழிலா வச்சிருக்கவ இவதான்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். கண்ணக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் போகட்டும். ஆனால் உலகம் இத்தனை காலம் தன் மண்ணை அவள் கண்ணால் பார்த்து வந்தது. வீட்டில் அவளை நம்பி உப்புப் போடக்கூட விடமாட்டார்கள். எங்கோ முகம் தெரியாத நாடுகள் அவள் சொன்ன நிறத்தை நம்பின. அந்தக் கண் பொய் சொல்லியிருந்தால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

கண் டாக்டர் எழுத்துகளைக் காட்டினார், சாயநூல்களைக் காட்டி வரிசைப்படுத்தச் சொன்னார், விளக்கை அடித்துப் பார்த்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்த வயசுல இப்படி ஒரு கண்ணை நான் பாத்ததில்ல. என் கண்ணைவிட நல்லாருக்கு. யாரும்மா உங்களை அனுப்பினது?"

"எங்க தலைவர்."

"அவரை வரச் சொல்லுங்க."

சான்றிதழோடு மறுநாள் அறைக்கு வந்தவளுக்கு நிம்மதிக்குப் பதில் குழப்பம் அதிகமாகியது. கண்ணில் கோளாறு இல்லை. மின்னஞ்சல் அனுப்பியவள் பொய் சொல்லவும் காரணம் இல்லை. அப்படியானால்? கீழ் அலமாரியில், இருட்டில், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்து மூடி வைத்த டப்பாக்கள் இருந்தன. ஒன்றை எடுத்துத் திறந்தாள். நனைத்தாள். அட்டையருகில் காட்டினாள். அன்றைக்குச் சொன்ன எண் டப்பா மூடியிலேயே அவள் கையெழுத்தில் இருந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு கட்டம் கீழே ஒத்துப்போனது. அடைத்து வைத்த டப்பாவுக்குள், வெயிலும் மழையும் படாமல், இலை தழை மக்காமல், அந்த மண்ணும் கறுத்திருந்தது! பூமி மன்னிப்பதென்றால் அலமாரிக்குள்ளுமா வந்து மன்னிக்கும்?

இன்னொரு டப்பா. அதுவும் அப்படியே.

கண்ணக்கா அட்டையைப் பார்த்தாள். பிறகு அட்டையைக் கவ்வியிருந்த இரும்புக் கிளிப்பைப் பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து அதைக் கழற்றியதேயில்லை; நகர்த்தக் கூடாது என்பது விதி. துருப்பிடித்த அதன் வாயை அமுக்கித் திறந்தாள்.

கிளிப்புக்கு அடியில், கட்டங்களின் ஓரத்தில், ஒரு விரலகலப் பட்டை பளிச்சென்று இருந்தது. நல்ல, அடர்ந்த, ஆரம்ப காலத்து நிறம். அதை ஒட்டியே, அதே கட்டத்தின் மீதிப் பாகம் வெளுத்துப் போய், துவைத்துத் துவைத்து நைந்த சட்டை மாதிரி கிடந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அட்டை வெளுத்தால் மண்ணுக்கு முன்பைவிடக் கீழ்க்கட்டம்தான் ஒத்துவரும். மண் கறுக்கவில்லை. கறுத்தது அவள் இடது கன்னம் ஒன்றுதான்.

வரைபடக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பட்டையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், ஓடிப்போய் கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவருக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"கண்ணக்கா, உலக மண்ணு என்னிக்குக் கறுக்க ஆரம்பிச்சுது தெரியுமா? நம்ம திரையைக் கழட்டின வருஷம்! பாலைவனம், சதுப்பு நிலம், மலைச்சரிவு, எல்லாம் ஒரே நேரத்துல, யாரோ விசில் ஊதின மாதிரி கறுக்க ஆரம்பிச்சிருக்கு. நான்கூட அதை இயற்கையின் ஒற்றுமைன்னு அடிக்குறிப்பு போட்டேன்."

"சிரிக்காதீங்க. இத்தனை வருஷ வேலையும் மண்ணாப் போச்சு."

"அதுதானேக்கா நம்ம துறையே."

பூகோளம் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்ட அறையின் நீள மேசை மேல் அந்தப் பச்சைத் திரை விரிந்திருந்தது. தண்ணீர் டம்ளர்களும் பெயர்ப்பலகைகளும் அதன் மேல் அடுக்கப்பட்டிருந்தன. கண்ணக்கா அட்டையையும் கிளிப்பையும் டாக்டர் சான்றிதழையும் நடுவில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

பூகோளம் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். சிந்திக்கிறார் என்று மற்றவர்கள் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

"இதைத் தர்க்கரீதியா அணுகலாம்" என்று கண்ணைத் திறந்தார். "கண்ணுக்கும் அட்டைக்கும் பிரச்னை. ரெண்டுல ஒண்ணு தப்பு. அட்டை தப்புன்னா உலகமே தப்பு. கண்ணு தப்புன்னா ஒரு ஆள்தான் தப்பு. அறிவியல்ல எப்பவும் எளிமையான விளக்கத்தைத்தான் எடுத்துக்கணும்."

"சார், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"டாக்டர் உள்ளூர்க்காரர். அட்டை உலகத் தரம்."

"அட்டை வெளுத்துப் போச்சு சார்! இங்க பாருங்க, கிளிப்புக்குக் கீழ..."

"கிளிப்புக்குக் கீழ இருக்கறது தரநிலை இல்லம்மா. நம்ம தரநிலை வெளிய இருக்கறதுதான். யாருமே பாக்காத இடத்துல இருக்கற நிறத்தை எப்படித் தரநிலைன்னு ஏத்துக்க முடியும்?"

"புது அட்டை ஒண்ணு உறை பிரிக்காம ஸ்டோர்ல இருக்கு" என்றார் வரைபடக்காரர். "அதோட ஒப்பிட்டுப் பாத்துடலாமே?"

கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பழைய அட்டை அரைவாசி ஆவியாகிப் போனதுபோல இருந்தது. பிறகு களிமண் பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார். மணல் பிரிவோடு பேசாதவர் என்பதால் பொதுவாக மேசையைப் பார்த்துச் சொன்னார்: "புது அட்டை பழைய அட்டையோட ஒத்துப்போகல. ஆகவே புது அட்டையில்தான் குறைபாடு. அதை மொட்டைமாடியில வெயில்ல வச்சோம்னா கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

பல வருஷங்களுக்குப் பிறகு மணல் பிரிவு அவரை ஆமோதித்தது. தீர்மானம் நிறைவேறியது.

கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. தரநிலைக் கண் நீண்டகாலம் உழைத்துக் களைத்துவிட்டதால், மாநாட்டு மேடையிலேயே அதைப் பாராட்டி ஓய்வு கொடுப்பது. யாராவது கேட்டால், கண் ஓய்வெடுக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா" என்றார் பூகோளம், கனிவோடு. "எழுந்து நின்னு 'நான் பார்த்தேன்'னு சொன்னாப் போதும். ரெண்டே வார்த்தை. கூட்டம் உருகிடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். நாத்தனார் கேட்டுக் கொதித்துப் போனாள். "புரையே இல்லாத கண்ணுக்குப் புரைன்னு பட்டம் கட்டுறானுங்களா? எனக்கு நிஜமாவே இருந்தப்ப ஒருத்தனும் விழா எடுக்கலையே!"

வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "முதல் வகுப்புல ஏறி உக்காந்திருக்கிறவன் கோட்டு சூட்டு போட்டிருந்தா எங்காளுங்களே டிக்கெட் கேக்கத் தயங்குவாங்க. கேட்டுடணும். கேட்டா என்ன, முறைப்பான். அவ்வளவுதான்."

மாநாட்டு நாள் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நாடுகளின் பிரதிநிதிகள் காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கூட்ட அறை மேசையைக் கொண்டுவந்து போட்டு, அதே பச்சைத் திரையை விரித்து, பூங்கொத்து வைத்திருந்தார்கள். சாய்பலகையையும் பழைய அட்டையையும்கூட நினைவுச் சின்னமாக ஒரு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள், கிளிப்போடு.

பூகோளம் முழங்கினார். கண்டங்கள் தோன்றின, கடல்கள் பிரிந்தன, மலைகள் கரைந்தன. 'மன்னித்து' என்ற இடத்தில் புருவம் சரியான உயரத்துக்கு ஏறியது. கைதட்டல் அடங்க வெகுநேரமானது. "இதையெல்லாம் கண்ட அந்தக் கண், இதோ!" என்று கையை நீட்டினார்.

கண்ணக்கா எழுந்தாள். ஒலிவாங்கி வாய்க்கு எட்டவில்லை; யாரோ வளைத்துக் கொடுத்தார்கள்.

"நான் பார்த்தேன்" என்றாள்.

கூட்டம் உருகத் தயாரானது.

"கிளிப்பைக் கழட்டிப் பார்த்தேன்."

பூகோளத்தின் புருவம் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்குள் அவள் சாய்பலகையிடம் போய்விட்டாள். கிளிப்பை அமுக்கித் திறந்து, அட்டையை உருவி, முன்வரிசைக்குத் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் பிடித்தாள்.

"இந்தப் பட்டைதான் நிஜ நிறம். மத்ததெல்லாம் வெயில்ல வெளுத்தது. உங்க மண்ணு கறுக்கல. எங்க அட்டை வெளுத்துப் போச்சு. என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். சந்தேகம் இருக்கிறவங்க மேல வந்து பாத்துக்கலாம்."

மொழிபெயர்ப்பு காதுகளுக்குப் போய்ச் சேரும்வரை அரங்கம் சும்மா இருந்தது. பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். மார்பில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தால், காபி ஊற்றினீர்களா என்று கேட்ட அதே ஆள். அவள் சிரிப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ஒவ்வொருவராக மேடையேறி அட்டையை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பிரதிநிதி கைபேசியில் படமெடுத்தார். இன்னொருவர் தன் நாட்டு அட்டை எந்தச் சன்னலில் இருக்கிறது என்று கேட்க அவசரமாக வெளியே போனார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பூகோளம் கண நேரத்தில் கண்டுகொண்டார். பூமியும் சுற்றத்தான் செய்கிறது. அவர் அதைவிட வேகமாகச் சுற்றினார்.

"பார்த்தீர்களா, அன்பர்களே!" என்று ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். "தன் தவறையே உலகத்தோடு பகிர்ந்துகொள்கிற ஒரே நடுவம் நம்முடையது! இதுதான் பகிர்வு! இப்படிப்பட்ட கண்ணுக்கு ஓய்வு ஏது? இந்தக் கண் இங்கேயே இருக்கும்!"

மறுபடியும் கைதட்டல். கறுத்தது என்று சொன்னபோது எவ்வளவு தட்டினார்களோ, கறுக்கவில்லை என்றதற்கும் அவ்வளவே தட்டினார்கள்.

கண்ணக்கா அதை நின்று கேட்கவில்லை. மேசையருகே போய்ப் பூங்கொத்தைத் தூக்கிப் பூகோளத்தின் கையில் கொடுத்தாள். பெயர்ப்பலகைகளை ஓரமாக ஒதுக்கினாள். களிமண் பிரிவுத் தலைவரின் டம்ளரைத் தூக்கி மணல் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தாள். பிறகு பச்சைத் திரையை இரண்டு கையாலும் உருவிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அறைக்குப் போய், நாற்காலி மேல் ஏறி, வளையம் வளையமாக அதை மாட்டினாள். மேசை விரிப்பாக இருந்த காலத்துத் தேநீர்க் கறைகள் இருந்தன, பரவாயில்லை. வரைபடக்காரர் பழைய அட்டையையும் கிளிப்பையும் கொண்டுவந்து கொடுத்தார். மொட்டைமாடியில் காய்கிற புது அட்டையை இறக்க வேண்டுமானால் அதற்கு இன்னொரு தீர்மானம் வேண்டுமாம். அதுவரை பழைய அட்டையிலேயே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணக்கா அதைப் பலகையில் பொருத்தினாள். வெயில் திரும்புகிற நேரம். திரையை இழுத்து மூடினாள்.

அன்றோடு உலகத்து மண் கறுப்பது நின்றுவிட்டது.